அம்மாவுக்கு வந்த கவுன்சில் டாக்ஸ் கடிதம்: வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கவுன்சிலுக்கு யார் சொன்னது?

வடலி
பிப்ரவரி 4, இரவு 9:40

வணக்கம். லண்டனில் இருக்கிற உறவுகளிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. 2016இல் அப்பா காலமானதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறார். வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டும் என்பதால் கவுன்சில் டாக்ஸில் (உள்ளூராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) 25 வீதம் கழிவு கிடைக்கிறது. நான் வேறு கவுன்சில் பகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் போய்ப் பார்த்து வருவேன்.

ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் அம்மா அதைக் குசினியில் அரிசி வாளியின் மூடிமேல் வைத்துவிடுவார். நான் போனதும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. போன சனிக்கிழமை அங்கே ஒன்றும் இல்லை. இரவு சாப்பிட்டு முடிந்த பிறகு தலையணைக்குக் கீழே இருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். நாலு நாளாக அங்கேயே வைத்திருக்கிறார்.

"எங்களுக்குக் கிடைத்த தகவல்களின்படி உங்கள் முகவரியில் இன்னொரு வயது வந்தவரும் வசிப்பதாகத் தெரிகிறது. 21 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கழிவு நிறுத்தப்படும்" என்பதுதான் சாரம். தவறான விவரம் கொடுத்தால் 70 பவுண்டு தண்டம் என்றும் கீழே போட்டிருந்தது. அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "நான் யாருக்கு என்ன பொய் சொன்னேன்?"

என் சந்தேகம் என்மேல்தான். வாடகை வீடு அடிக்கடி மாறியதால் கார் இன்சூரன்ஸும் ஒரு பழைய சேமிப்புக் கணக்கும் இன்னும் அம்மாவின் முகவரியில் இருக்கின்றன. அதை கவுன்சில் எப்படிப் பார்த்தது? அம்மா எங்கும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை. யாராவது அயலவர் சொல்லியிருப்பார்களா? வீட்டைக் கவனிக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நெடுந்தீவான்
பிப்ரவரி 4, இரவு 10:25

தம்பி, உங்கள் அம்மா ஏன் தலையணைக்குக் கீழே வைத்தார் என்று எனக்கு விளங்குகிறது. 95, 96இல் நான் கொழும்பில் லொட்ஜில் தங்கியிருந்தவன். எங்கே தங்குகிறோம், எதற்கு வந்தோம், எப்போது திரும்பிப் போவோம் என்று பொலிஸில் பதிய வேண்டும். அந்தத் துண்டு சட்டைப் பையில் இல்லாமல் றோட்டில் இறங்க முடியாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் கேட்டால் எங்கள் தலைமுறைக்கு வயிறு கலங்கும். இங்கே வந்து இத்தனை வருடமாகியும் அது போகவில்லை.

என் ஆலோசனை: பதிலே போட வேண்டாம். ஒரு வரி கூட எழுத வேண்டாம். மகன், மகள், யார் வந்து போகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவையில்லாதது.


குறிஞ்சிமலர்
பிப்ரவரி 5, காலை 7:15

வடலி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: இந்தக் கடிதம் அவர் ஒருவருக்காக எழுதப்பட்டதில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போயிருக்கும். நான் ஒரு கவுன்சிலின் வருவாய்ப் பிரிவில் 9 வருடம் வேலை பார்த்தவள், 2022இல் விட்டேன். அந்தக் கடிதக் கட்டுகளை நானே அனுப்பியிருக்கிறேன்.

யாரும் கோள் சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை. இது கணினிப் பொருத்தம். தனியாள் கழிவு வாங்குகிற முகவரிகளை ஒரு பக்கம் வைப்பார்கள். வாக்காளர் பட்டியலையும், கடன் தகவல் நிறுவனங்களிடம் இருக்கும் விவரத்தையும் மறுபக்கம் வைப்பார்கள். ஒரே முகவரியில் இரண்டு பெயர் வந்தால் கடிதம் போகும். இதுபோக நேஷனல் ஃபிராட் இனிஷியேட்டிவ் என்று அரசின் மோசடித் தடுப்புத் திட்டம் ஒன்று 1996லிருந்து நடக்கிறது. கவுன்சில்கள் சம்பளப் பட்டியல், ஓய்வூதியம், ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன அட்டை), பார்க்கிங் பெர்மிட் என்று எல்லாவற்றையும் அங்கே அனுப்பிப் பொருத்திப் பார்க்க வேண்டும். பெரிய சுற்று 2 வருடத்துக்கு ஒருமுறை. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, உங்கள் சம்மதம் கேட்க மாட்டார்கள்.

சம்மதம் என்ற சொல்லில்தான் நம் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு "நான் கையெழுத்துப் போடாமல் என் விவரத்தைத் தொடக்கூடாது" என்று கவுண்டரில் வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டம் அப்படி இல்லை. வரி வசூல், குழந்தைகள் பாதுகாப்பு, தேர்தல் போன்றவற்றுக்கு கவுன்சில் சம்மதத்தை நம்பி இயங்குவதே இல்லை. சட்டக் கடமை, பொதுப்பணி என்ற இரண்டு அடிப்படையில்தான் விவரத்தை எடுக்கிறது. செய்தி மடல் அனுப்ப, உங்கள் படத்தைத் துண்டுப்பிரசுரத்தில் போட, இப்படிச் சில்லறைக் காரியங்களுக்குத்தான் சம்மதம்.

அம்மாவின் போன வருடத்து டாக்ஸ் பில்லோடு வந்த தாளை எடுத்துப் பாருங்கள். பொதுப் பணத்தைக் காக்கும் கடமை எங்களுக்கு இருக்கிறது, நீங்கள் தரும் தகவலை மோசடியைத் தடுக்கப் பயன்படுத்துவோம், பொதுப்பணம் கையாளும் பிற அமைப்புகளோடும் பகிர்வோம் என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். அறிவித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்வது அதைத்தான். பில் தொகையைத் தாண்டி யாரும் படிப்பதில்லை. அந்தப் பத்தி தமிழிலும் இல்லை. எனக்கு அந்த வேலையில் மனது ஒப்பாத இடம் அதுதான்.

வீட்டைக் கவனிக்கிறார்களா என்று கேட்டீர்கள். அது இப்போது அத்தனை எளிதல்ல. 2008இல் பூல் கவுன்சில் ஒரு குடும்பம் உண்மையிலேயே அந்தப் பள்ளி எல்லைக்குள் குடியிருக்கிறதா என்று அறிய அவர்களை மூன்று வாரம் ஆள் வைத்துப் பின்தொடர்ந்தது. 2010இல் தீர்ப்பாயம் அது சட்டவிரோதம் என்றது. 2012லிருந்து இந்த மாதிரி மறைமுகக் கண்காணிப்புக்கு மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். 25 சதவீதக் கழிவுக்காக யாரும் தெருவில் வண்டியை நிறுத்தி உட்கார மாட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: 21 நாள் கெடு தாண்டுவதற்குள் பதில் அனுப்பிவிடுங்கள். தனியாகத்தான் இருக்கிறார், மகன் வேறு இடத்தில் இருக்கிறார் என்று எழுதி, உங்கள் சொந்தக் கவுன்சில் டாக்ஸ் பில் நகலையும் சேர்த்து வையுங்கள். கார் இன்சூரன்ஸ் முகவரியை இன்றே மாற்றுங்கள். கார் இரவில் நிற்கிற இடம் வேறாக இருந்தால் விபத்து நேரத்தில் பணம் தர மறுக்கலாம், அது இதைவிடப் பெரிய தலைவலி. ஆனால் இன்சூரன்ஸோ சேமிப்புக் கணக்கோ பொதுவாகக் கடன் பதிவில் ஏறாது. அதனால் அந்த இரண்டாவது ஆள் நீங்கள்தானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நெடுந்தீவான் ஐயாவுக்கு: ஒரு வரியும் எழுத வேண்டாம் என்பது இங்கே உதவாது ஐயா. பதில் வராவிட்டால் கழிவை எடுத்துவிட்டுப் பழைய தேதியிலிருந்து கணக்குப் போடுவார்கள். கட்டாமல் விட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவு, அப்புறம் பெயிலிஃப், அதாவது பாக்கி வசூலிக்கும் தனியார் நிறுவனம். அம்மாவின் பெயர், முகவரி, பாக்கித் தொகை எல்லாம் அந்தத் தனியார் நிறுவனத்தின் கைக்குப் போகும். விவரம் பரவக்கூடாது என்று பேசாமல் இருந்தால் அதுவே இன்னும் ஒரு கைக்கு விவரத்தைக் கொண்டு போகும்.


ஆறுமுகம்ஸ்டோர்ஸ்
பிப்ரவரி 5, பகல் 1:50

எனக்கும் இப்படி ஒன்று வந்தது, படம் போட்டிருக்கிறேன் பாருங்கள்.
[படம் நீக்கப்பட்டது]


மட்டுறுத்துநர்
பிப்ரவரி 5, பகல் 2:05

ஆறுமுகம்ஸ்டோர்ஸ் அண்ணா, உங்கள் படத்தில் கணக்கு எண்ணும் முழு முகவரியும் தெளிவாகத் தெரிந்தன, அதனால் எடுத்துவிட்டேன். கடிதங்களை யாரும் படமாகப் போட வேண்டாம். தேவையான வரியைத் தட்டச்சு செய்து போடுங்கள்.


ஆறுமுகம்ஸ்டோர்ஸ்
பிப்ரவரி 5, மாலை 6:30

நன்றி, கவனிக்கவில்லை. எழுத்தில் சொல்கிறேன்.

என் பிரச்சினை வேறு. கடைக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தை மதுக்கடையாக மாற்ற விண்ணப்பம் போட்டிருந்தார்கள். தெருவில் கம்பத்தில் அறிவித்தல் கட்டியிருந்தது. நான் கவுன்சில் தளத்தில் ஆட்சேபம் எழுதினேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இரவில் சத்தம், மனைவிக்கு நித்திரைப் பிரச்சினைக்கு மருந்து எடுக்கிறார் என்று எல்லாவற்றையும் மனம்விட்டு எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்த விண்ணப்பக்காரர் கடைக்கு வந்து, "உங்கள் மனைவிக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். என் பெயர், வீட்டு இலக்கம், எழுதிய ஒவ்வொரு வரியும் தளத்தில் எல்லோரும் பார்க்கக் கிடக்கிறது. நான் கவுன்சிலுக்கு எழுதியதாகத்தான் நினைத்தேன்.


குறிஞ்சிமலர்
பிப்ரவரி 5, இரவு 8:10

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. திட்டமிடல் ஆட்சேபம் பொது ஆவணம். பெயரும் முகவரியும் வெளியே தெரியும்படி போடுவதுதான் பெரும்பாலான கவுன்சில்களின் வழக்கம். ஆனால் கையெழுத்து, தொலைபேசி எண், மின்னஞ்சல், உடல்நலம் பற்றிய விவரம் இவற்றை மறைத்துவிட்டுப் போட வேண்டியது அவர்கள் பொறுப்பு. உடல்நலம் என்பது சட்டத்தில் தனி வகை, கூடுதல் பாதுகாப்பு உள்ளது. உடனே அந்தக் கவுன்சிலின் டேட்டா புரொடெக்ஷன் ஆபீசருக்கு (தரவுப் பாதுகாப்பு அதிகாரி) எழுதுங்கள். ஒவ்வொரு கவுன்சிலிலும் அப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மருந்து பற்றிய வரியை நீக்கச் சொல்லிக் கேளுங்கள், ஆட்சேபம் அப்படியே நிற்கும்.


அகல்விளக்கு
பிப்ரவரி 6, இரவு 11:20

நான் சனிக்கிழமைகளில் ஒரு ஆலோசனை மேசையில் தொண்டு செய்கிறேன். எங்கள் மூத்தவர்கள் கடிதங்களைத் தமிழ்க்கடைப் பையில் மொத்தமாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். பிரித்தால் பாதி திறக்கப்படாமலே இருக்கும். இந்த இழையில் இன்னும் வராத இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, வாக்காளர் பட்டியல். இலங்கை, இந்தியக் குடியுரிமை உள்ளவர்களும் விசா இருந்தால் கொமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் இங்கே வாக்களிக்கலாம். அதனால் ஒவ்வொரு வருடமும் நம் வீடுகளுக்கும் அந்த விசாரிப்புக் கடிதம் வருகிறது. பட்டியல் இரண்டு உண்டு. முழுப் பட்டியல் தேர்தலுக்கு. கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அதைக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அடுத்தது திறந்த பட்டியல். அதை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். இந்த இரண்டாவதிலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்ல எப்போது வேண்டுமானாலும் உரிமை உண்டு, வாக்குரிமைக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் மேசைக்கு வந்தவர்களில் இது தெரிந்த ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. தயவுசெய்து உங்கள் பெற்றோருக்குச் செய்து கொடுங்கள். தேர்தல் பதிவு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

இரண்டாவது, எல்லோரும் மனதுக்குள் கேட்கிற கேள்வி: கவுன்சிலுக்குச் சொன்னால் குடிவரவைக் கவனிக்கும் ஹோம் ஆபீசுக்குப் போகுமா? டாக்ஸ் கட்டுவதாலோ, குப்பைத் தொட்டி கேட்பதாலோ, நூலக அட்டை எடுப்பதாலோ யாரும் விசாவைப் பார்ப்பதில்லை. ஆனால் "பொது நிதி கிடையாது" (அரசின் உதவிப்பணம் எடுக்கக்கூடாது) என்ற நிபந்தனையுள்ள விசாவில் இருப்பவரோ விசா இல்லாதவரோ, பிள்ளைகளுடன் தெருவுக்கு வரும் நிலையில் கவுன்சிலிடம் தங்குமிட உதவி கேட்டால், அங்கே குடிவரவு நிலை சரிபார்க்கப்படும். என்ஆர்பிஎஃப் கனெக்ட் என்ற ஒரு தரவுத்தளம் வழியாகக் கவுன்சில்களும் ஹோம் ஆபீசும் விவரம் பரிமாறுகின்றன. இதை மறைத்துப் பேசி யாரையும் அனுப்பக்கூடாது. அப்படியான நிலையில் இருப்பவர்கள் முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரையோ சட்ட ஆலோசனை நிலையத்தையோ பார்த்துவிட்டுப் போகட்டும். பிள்ளை பசியோடு இருக்கும்போது பயந்து போகாமலே இருப்பதும் கூடாது, ஏனென்றால் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின்படி அந்தப் பிள்ளைக்கு உதவுகிற கடமை கவுன்சிலுக்கு இருக்கிறது.

இன்னொன்று. தனியாள் கழிவு "பொது நிதி" அல்ல. வருமானம் குறைந்தவர்களுக்கான கவுன்சில் டாக்ஸ் குறைப்பு பொது நிதி. இரண்டும் கழிவுதானே என்று நினைத்து நிபந்தனை விசாவில் இரண்டாவதற்கு விண்ணப்பித்தால் விசா புதுப்பிக்கும்போது சிக்கல் வரலாம். இதைப் பெரிய எழுத்தில் எழுதி எங்கள் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறோம்.


நெடுந்தீவான்
பிப்ரவரி 7, காலை 6:05

தங்கச்சி நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. பார்த்தீர்களா, பயம் வெறும் பயம் இல்லை.

சரி, சட்டப்படி பகிர்வதை விடுவோம். பத்திரமாகவாவது வைத்திருக்கிறார்களா? லண்டன் நியூஹாம் கவுன்சிலில் என்ன நடந்தது? குழு வன்முறையில் சம்பந்தப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட 203 பேரின் பட்டியல். பொலிஸ் கொடுத்தது. 2017 ஜனவரியில் கவுன்சில் ஊழியர் ஒருவர் பெயர்களை மறைக்காமல் 44 பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். அந்த வருடமே அதன் படங்கள் ஸ்னாப்சாட்டில் எதிர்க்குழுக்களின் கையில் இருந்தன. பட்டியலில் இருந்தவர்கள் பொடியன்கள், சந்தேகம் மட்டும்தான். 2019இல் 145,000 பவுண்டு அபராதம். அந்தப் பொடியன்களின் தாய்மாருக்கு அந்தக் காசால் என்ன பயன்?

கென்சிங்டன் கவுன்சில் கிரென்ஃபெல் மாடிக் குடியிருப்புத் தீக்குப் பிறகு பத்திரிகையாளர்களுக்கு அனுப்பிய எக்செல் கோப்பில், காலி வீட்டுச் சொந்தக்காரர்கள் 943 பேரின் பெயர் உள்ளே ஒளிந்திருந்தது. ஹாக்னி கவுன்சிலின் கணினிகளுக்குள் 2020 அக்டோபரில் புகுந்தவர்கள் 440,000 கோப்புகளைப் பூட்டிவிட்டார்கள். பல மாதம் வேலை நின்று, வீடு வாங்க இருந்தவர்களுக்குக் காணிச் சான்று கிடைக்காமல் போனது. பயன்படாமல் கிடந்த ஒரு பழைய கணக்கின் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்ததாக 2024இல் தகவல் ஆணையர் கண்டித்தார். கண்டித்தார், அவ்வளவுதான். அபராதம் கூட இல்லை.

இவ்வளவு நடந்த பிறகு, எல்லாவற்றையும் திறந்து சொல்லுங்கள் என்று உங்களால் எப்படிச் சொல்ல முடிகிறது குறிஞ்சிமலர்?


குறிஞ்சிமலர்
பிப்ரவரி 7, காலை 8:30

ஐயா, நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. அபராதம் இல்லாமல் போனதற்குக் காரணம், 2022லிருந்து பொது அமைப்புகளுக்கு அபராதத்தைக் குறைத்துக் கண்டிப்புக் கடிதம் கொடுப்பது என்று ஆணையர் எடுத்த முடிவு. அபராதப் பணம் கடைசியில் குடியிருப்பவர்களின் வரியிலிருந்துதான் போகும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தாலும், பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு அது ஆறுதல் ஆகாது.

எல்லாவற்றையும் திறந்து சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் நம்மைப் பற்றி என்ன இருக்கிறது என்று நாம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்கிறேன். நான் வேலை பார்த்த 9 வருடத்தில் என் மேசைக்குத் தமிழ்ப் பெயரில் வந்த சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட் (அப்படித் தன் விவரத்தைக் கேட்கும் கோரிக்கை) ஒன்றுகூட இல்லை. வக்கீல் வைத்திருப்பவர்களும் விவரம் தெரிந்தவர்களும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வடலி, பதிலோடு நிறுத்தாதீர்கள். அம்மாவின் பெயரில் அந்தக் கோரிக்கையையும் போடுங்கள். முன்பு 10 பவுண்டு வாங்குவார்கள், 2018லிருந்து இலவசம். தனிப் படிவம் கட்டாயமில்லை, ஒரு மின்னஞ்சல் போதும். ஒரு மாதத்தில் தர வேண்டும், சிக்கலானது என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். "என்னைப் பற்றிய எல்லாம்" என்று கேட்டால் இழுப்பார்கள். கவுன்சில் டாக்ஸ் கணக்கு, அதன் அழைப்புக் குறிப்புகள், இந்தப் பொருத்தத்துக்குப் பயன்பட்ட தரவு, அதை யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.


வடலி
பிப்ரவரி 9, இரவு 7:45

நேற்று இரண்டையும் அனுப்பிவிட்டேன். கழிவுக் கடிதத்துக்குப் பதில் பதிவுத் தபாலில் போய்விட்டது.

கோரிக்கைக்கு அம்மாவின் அதிகாரக் கடிதம் வேண்டும் என்றார்கள். நான் எழுதி வாசித்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே தமிழில் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு, "அவங்களட்ட இருக்கிற என்ர கொப்பியை நான் கேட்கலாமா? கோவிக்க மாட்டாங்களா?" என்றார். கேட்கலாம் என்றேன். அன்றிரவுதான் கொஞ்சம் நித்திரை கொண்டார்.

பெயர் பற்றி ஒரு சின்னக் குழப்பம். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டும் வங்கிக் கூற்றும் இணைத்தேன். பாஸ்போர்ட்டில் அம்மாவின் பெயர் முதலில், அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக. வங்கியில் தலைகீழாக இருக்கிறது. கணக்கு திறந்த நாளிலிருந்தே அப்படித்தான். இதனால் நிராகரிப்பார்களா?


அகல்விளக்கு
பிப்ரவரி 9, இரவு 9:00

இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள். எங்கள் மேசையில் இது வாராவாரம் வருகிறது. தகப்பன் பெயர், கணவன் பெயர், இனிஷியல் என்று நம் பெயர்கள் இந்த நாட்டுப் படிவத்தின் இரண்டு கட்டத்துக்குள் அடங்காது. கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டு மூன்று விதமாக ஒரே ஆளின் பெயர் இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.


வடலி
மார்ச் 11, இரவு 10:15

வந்துவிட்டது. 86 பக்கம். கடவுச்சொல்லோடு ஒரு இணைப்பு அனுப்பினார்கள். பாதிப் பக்கங்களில் கறுப்புப் பட்டை, மற்றவர்களின் விவரம் என்பதால். அம்மாவும் நானும் குசினி மேசையில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

பொருத்தம் பற்றிய பக்கம் 31வது. இரண்டு வரி. முதல் வரியில் வாக்காளர் பட்டியலில் இருந்து: அம்மாவின் பெயர், பிறகு அப்பாவின் பெயர். இரண்டாவது வரியில் கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து: அப்பாவின் பெயர், பிறகு அம்மாவின் பெயர். பக்கத்தில் "இரண்டு வயது வந்தவர்கள்" என்று குறிப்பு.

நான் எங்கும் இல்லை. அந்த இரண்டாவது ஆள் அம்மாதான்.

அம்மாவுக்கு விளக்கியதும் திரையில் அந்த இரண்டு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இது அப்பாட பேர், இது என்ர பேர். நாங்கள் இரண்டு பேரும்தான்" என்றார். பிறகு எழுந்து தேநீர் வைக்கப் போய்விட்டார். எனக்கு அதற்குமேல் வாசிக்க முடியவில்லை.

இன்று மீதியைப் பார்த்தேன். ஒன்று மனதை அறுக்கிறது. 2022இல் அம்மா குளியலறையில் விழுந்த பிறகு கவுன்சிலில் இருந்து ஆள் வந்து கைப்பிடி பூட்டிக் கொடுத்தார்கள். அந்த மதிப்பீட்டில் "தனியாக வசிக்கிறார், மகன் வார இறுதியில் வருவார், இரவில் விழுந்தால் உதவிக்கு ஆள் இல்லை" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதே கவுன்சில். ஒரு அறையில் தனியாக இருக்கிறார் என்று எழுதி வைத்துக்கொண்டு, இன்னொரு அறையில் இருந்து பொய் சொல்கிறீர்களா என்று கடிதம் போடுகிறார்கள். வேண்டாத இடத்தில் பகிர்கிறார்கள், வேண்டிய இடத்தில் பகிர மாட்டார்களா?


குறிஞ்சிமலர்
மார்ச் 12, காலை 7:20

டாக்ஸ் கணக்கில் பெரும்பாலும் பிறந்த தேதி இருக்காது வடலி. வாக்காளர் பட்டியலின் அச்சுப் பிரதியிலும் இல்லை. அதனால் கணினிக்குப் பெயர் ஒன்றுதான் பிடி. பெயர் புரண்டால் ஆள் இரண்டு. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நானும் இனிஷியல் உள்ள வீட்டில் பிறந்தவள்தான், ஆனாலும் அந்தக் கட்டுகளை அனுப்பும்போது ஒருமுறைகூட இதை யோசித்ததில்லை. எத்தனை தமிழ் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேனோ என்று நேற்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கைப்பிடிக் குறிப்பை டாக்ஸ் பிரிவு பார்க்க முடியாமல் இருப்பது நல்லது என்றே இன்னமும் சொல்வேன். அதில் அம்மாவின் உடல்நிலை, எத்தனை முறை விழுந்தார், எப்படிக் குளிக்கிறார் என்று எல்லாம் இருக்கும். வரி வசூலிக்கிறவர் அதைத் திறந்து பார்க்கிற நிலை வந்தால், நாளைக்கு ஒருவரும் விழுந்ததைச் சொல்ல மாட்டார்கள்.


நெடுந்தீவான்
மார்ச் 12, காலை 9:40

அது சரி. என் மனிசி இரண்டு தரம் விழுந்தவர். கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். கைப்பிடிக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்லுங்கள் பிள்ளை.


அகல்விளக்கு
மார்ச் 12, காலை 10:05

ஐயா, உங்கள் கவுன்சிலின் முதியோர் பராமரிப்புப் பிரிவை அழைத்து, ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் (வீட்டில் நடமாட என்ன வசதி வேண்டும் என்று பார்ப்பவர்) மதிப்பீடு வேண்டும் என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். பேரப்பிள்ளையை வைத்துப் பேச வேண்டாம். சனிக்கிழமை நானும் தொலைபேசியில் கூட இருக்கிறேன், தனிமடலில் நேரம் சொல்லுங்கள்.

வடலி அண்ணா, திருத்தம் கேட்டு எழுதிவிட்டீர்களா? தவறான தரவைத் திருத்தக் கேட்பதும் உரிமைதான். கவுன்சிலில் திருத்தினால் மட்டும் போதாது, கடன் தகவல் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். மூலத்தில் புரண்டே இருந்தால் அடுத்த சுற்றில் திரும்பவும் கடிதம் வரும்.


வடலி
ஏப்ரல் 3, இரவு 8:50

தாமதத்துக்கு மன்னிக்கவும். மூன்று இடத்துக்கும் எழுதினேன். வங்கிக்கு நேரில் போக வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டையும் திருமணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பையும் பார்த்துவிட்டு பெயரைத் திருப்பி எழுதினார்கள். கவுன்சிலில் இருந்து இன்று இரண்டு பக்கக் கடிதம். கழிவு தொடர்கிறது, பதிவு திருத்தப்பட்டது, ஏற்பட்ட மன உளைச்சலுக்கு வருந்துகிறோம் என்று. பெயர் வரிசை மாறி வரும் சமூகங்களுக்குப் பொருத்தம் செய்யும் முறையைப் பற்றி நான் கேட்டிருந்த கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அதைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் தனியாகக் கேட்டு அனுப்பியிருக்கிறேன், 20 வேலை நாள். வந்ததும் இங்கே போடுகிறேன்.

திறந்த பட்டியலில் இருந்தும் அம்மாவின் பெயரை எடுத்தாயிற்று.

கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். அரிசி வாளியின் மூடிமேல் வைத்திருக்கிறார்.